வீட்டுக்குப் பின்னால் ஒரு சுவர்



போன இதழில் கம்பளித் துணிகளைப் பூச்சி அரிக்காமல் வைப்பது பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை சுவரைப் பற்றி. "அது ஆம்பளைங்க சமாசாரமாச்சே, நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தச் சுவரை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது நாம்தானே!

எங்கள் வீடு குன்னூர் பக்கம். சரிவை வெட்டிக் கட்டிய வீடு. சமையலறைக்குப் பின்னால் ஆறடி இடம், அதை அடுத்துப் பத்தடி உயரத்தில் கருங்கல் தடுப்புச் சுவர். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். என் மாமியார் இருந்தவரை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திச் சுத்தம் செய்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அவர் காலமான பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. மழை நாளில் ஓட்டை வழியே செம்மண் தண்ணீர் வந்து, துவைக்கிற கல்லெல்லாம் ஒரே பாசி. சின்னவள் இரண்டு தரம் வழுக்கி விழுந்தாள். எலித் தொல்லை வேறு. வேறு வேலைக்கு வந்த கொத்தனாரிடம் சொல்லி எல்லா ஓட்டையையும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டேன். இடம் பளிச்சென்று ஆயிற்று. எனக்கோ ரொம்பப் பெருமை!

அந்த வருஷம் ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், சுவரின் நடுப்பாகம் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது! மேலே மண்ணில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பின்னறையில்தான் குழந்தைகள் படுப்பது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 2009 நவம்பரில் எங்கள் பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, நீலகிரி முழுக்கச் சரிவுகள் இடிந்து, 40 பேருக்கு மேல் மாண்டுபோனது கண்முன் வந்து நின்றது. இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தைகளைக் கிளப்பிக்கொண்டு எதிர்வீட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம்.

மழை விட்டு இரண்டு நாள் கழித்துத்தான் வயசான மேஸ்திரி ஒருவர் சுவர்கிட்டே போனார்.

"ஏம்மா, யாரு இதை அடைச்சது?"

"நான்தாங்க" என்றேன்.

"மண்ணை மட்டும்தாம்மா சுவரு தாங்கும். தண்ணியும் சேர்ந்தா எப்படித் தாங்கும்?"

முட்டுக் கொடுத்துவிட்டு அடைப்பை உடைத்தார். குழாயைத் திறந்த மாதிரி தண்ணீர் பீறிட்டது. கோடையில் அந்தப் பாகத்தைப் பிரித்து, இன்ஜினீயரை வைத்துத் திரும்பக் கட்டினோம். பெரியவள் நகைக்கென்று சீட்டுப் போட்ட பணம் அதில் போயிற்று.

இன்ஜினீயர் சொன்ன கணக்கு இது. ஒரு கன அடி தண்ணீர் 28 கிலோ. வெளியேற வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் மேல்வரை தேங்கிவிட்டால், உலர்ந்த மண் தள்ளுவதைப் போல இரண்டு பங்குக்கு மேல் தள்ளும். சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் அதைத் தள்ளும் பாரம் நாலு மடங்காகும். ஆகவே ஆள் உயரச் சுவரையெல்லாம் மேஸ்திரியின் கண்ணளவுக்கு விடாதீர்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் கவனிக்க: பத்தடிக் கருங்கல் சுவருக்கு அடிப்பாகம் ஐந்தடிக்குக் குறையக் கூடாது. சுவர் மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பது நல்லது. சுமார் ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று அங்குலக் குழாய், வெளிப்பக்கம் சரிவாக வைக்க வேண்டும். பின்னால் வெறும் மண்ணைக் கொட்டாமல் ஜல்லி நிரப்பினால்தான் குழாய் அடைபடாது.

ஏற்கெனவே சுவர் உள்ளவர்கள் செய்ய வேண்டியது:

மழைக்கு முன்னால் ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள். எலிக்குப் பயமென்றால் வலை கட்டுங்கள், அடைக்காதீர்கள். பாசிக்கு, சுவரடியில் ஒரு சின்னக் கால்வாய் போதும்.

சுவருக்கு மேலே உறிஞ்சு குழியோ, சமையலறைத் தண்ணீர் பாயும் வாழைப் பாத்தியோ வேண்டாம். மேலிருந்து வரும் மழைத் தண்ணீரைக் கால்வாய் வெட்டி ஓரமாகத் திருப்பிவிடுங்கள்.

சரிவில் வெட்டிவேர் நடலாம். வேர் பத்தடி ஆழம் வரை போய் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சுவரை ஒட்டிப் பெரிய மரம் மட்டும் வேண்டாம்.

மாதம் ஒரு தரம் சுவரின் உச்சியிலிருந்து நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேலும் நடுவிலும் கீழும் அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். அளவு மாறினால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக ஒன்று. பெருமழையில் ஓட்டைத் தண்ணீர் திடீரென்று நின்றுபோனால், அல்லது கலங்கி வந்தால், கதவு சட்டத்தில் இறுகினால், மேலே மரமோ கம்பமோ சாய்ந்தால், சாமான் எடுக்கக்கூட நிற்காதீர்கள். குழந்தைகளோடு வெளியேறிவிட்டு 1077-க்குப் போன் செய்யுங்கள்.

இப்போது ஐப்பசி நெருங்குகிறது. மாமியாரின் அந்தக் கம்பியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். பெரியவளையும் கூடவே அழைத்துப் போகப் போகிறேன். எதற்கு என்பதையும் சொல்லிக் கொடுத்துவிடுவேன்.