விஷவாயுவை மோப்பம் பிடிக்கும் தங்கம் யார் சட்டையில் ஏறும்?

கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கத் தொழிலாளர்களுக்குத் தெரிந்த வழிகள் சிலதான். மூடியைத் திறந்துவைத்துக் காத்திருப்பது. தீக்குச்சியைக் கொளுத்தி உள்ளே போடுவது. கரப்பான்பூச்சி உயிரோடு ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பது. இதையெல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் மூக்கை நம்பித்தான் இறங்குகிறார்கள். அந்த மூக்குதான் முதலில் கைவிடுகிறது.

தொட்டிக்குள் கொல்லும் வாயுக்களில் முதன்மையானது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அதற்கு. மிகச் சிறிய அளவில் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு என்ற அளவை அது தொட்டதும் மோப்ப நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் அடங்கிவிட்டது, இனி இறங்கலாம் என்று ஆள் நினைக்கும் நேரம்தான் ஆபத்து முற்றிய நேரம். 500 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். 1,000 பங்கு என்றால் ஓரிரு மூச்சே போதும். இது காற்றைவிடக் கனமான வாயு, அடியில் தங்கும். சேற்றைக் கிளறும்போது குப்பென்று மேலே வரும். அதனால் இறங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டோம் என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. தீக்குச்சி முறை இன்னும் மோசம். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை இருந்தால் வெடித்துவிடும். முதல் ஆள் மயங்கி விழ, தூக்கப்போன தம்பியும் மைத்துனனும் அடுத்தடுத்து விழுந்து செத்த செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

இந்த மூக்கின் வேலையைத் தங்கம் செய்யும் என்கிறது வேதியியல். 1998-ல் அமெரிக்காவில் வோல்ட்ஜென், ஸ்னோ என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். சுமார் 2 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். அந்தத் துகள் ஒவ்வொன்றுக்கும் கந்தகம் கலந்த கரிமச் சேர்மத்தால் ஒரு மேலுறை. இவற்றை மெல்லிய படலமாகப் பூசி மின்சாரம் செலுத்தினால், அது துகளுக்குத் துகள் தாவித் தாவிச் செல்லும். டொலுவீன் போன்ற கரைப்பான் ஆவி பட்டதும் மேலுறை ஊறி உப்புகிறது. நனைந்த மரக்கதவு நிலையில் இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள்; கிட்டத்தட்ட அப்படி. துகள்களுக்கு நடுவே இடைவெளி மிகச் சிறிதளவு கூடினாலே மின்னோட்டம் சடாரென்று குறையும். அந்தக் குறைவை அளந்தால் ஆவியின் அளவு தெரியும். 2009-ல் இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்து ஆய்வாளர்கள் இதே வகை உணரிகளைக் கொண்டு, நுரையீரல் புற்றுநோயாளியின் மூச்சையும் நலமானவரின் மூச்சையும் பிரித்துக் காட்டினார்கள். பொன்னை உரைகல்லில் தேய்த்துப் பார்த்த காலம் போய், பொன்னே உரைகல் ஆகியிருக்கிறது.

ஹைட்ரஜன் சல்பைடு விஷயத்தில் தங்கத்துக்குத் தனி உறவே உண்டு. கந்தகம் தங்கத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். மெல்லிய தங்கப் படலத்தின் மின்தடை கூடுவதை வைத்து இந்த வாயுவை அளக்கும் கையடக்கக் கருவிகள் பல ஆண்டுகளாகச் சந்தையில் உள்ளன. சுத்திகரிப்பு நிலையங்களைச் சுற்றி நாற்றம் எவ்வளவு என்று கணக்கெடுக்க மேலைநாடுகளில் அவை பயன்படுகின்றன. அக்கம்பக்கத்தார் மூக்குக்குக் கொடுத்த மதிப்பு அது. குறைகளும் உண்டு. பிடித்த கந்தகத்தைத் தங்கம் எளிதில் விடாது. படலத்தைச் சூடாக்கித்தான் விரட்ட வேண்டும். நானோ துகள் படலத்துக்குக் காற்றின் ஈரமும் தொல்லை. சாக்கடைக்குள் ஈரத்துக்குப் பஞ்சமா?

தங்கம் என்றதும் விலையை நினைத்து மிரள வேண்டாம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 100 நானோமீட்டர் தடிமனுக்குச் சுத்தத் தங்கத்தையே பூசினாலும் 0.2 மில்லிகிராம்கூட ஆகாது. கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு ரூபாய்க்குள் அடங்கும். செலவெல்லாம் மின்னணுப் பகுதிக்கும், அளவு பிசகாமல் பார்த்துக்கொள்ளும் பராமரிப்புக்கும்தான்.

புதிய கருவி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில் உள்ள பாதுகாப்புச் சாதனப் பட்டியலில் நான்கு வாயுக்களை அளக்கும் கருவி இடம்பெற்றிருக்கிறது. ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, தீப்பற்றும் வாயு ஆகியவற்றைக் காட்டும் இக்கருவிகள் கடையில் கிடைக்கின்றன. பத்தாண்டுக்கு மேலாகியும் பட்டியல் காகிதத்தில் இருக்கிறது, தீக்குச்சி கையில் இருக்கிறது. நமஸ்தே திட்டத்தின் கீழ் கழிவுநீர்த் தொழிலாளர்களைக் கணக்கெடுத்தபோது, முதலில் பதிவான சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்று ஒன்றிய அரசே சொன்னது. இறங்குகிறவர் யார் என்பதற்கும் கருவி வராததற்கும் தொடர்பில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1993 முதலான சாக்கடை மரணக் கணக்கில் பெரியார் பிறந்த தமிழ்நாடுதான் முன்வரிசையில் நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நல்ல கருவி வந்துவிட்டால், 'பச்சை விளக்கு எரிகிறதே, இறங்கு' என்று சொல்லப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ தொட்டியிலோ ஆளை இறக்குவதை அதன் 7-ஆம் பிரிவு தடை செய்கிறது. நகராட்சிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் மில்லுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அது பொருந்தும். முதல் குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாயு உணரி இருக்க வேண்டிய இடம் தொட்டியின் வாயும் இயந்திரத்தின் குழாயும். தவிர்க்கவே முடியாமல் ஆள் போக வேண்டிய அரிதான வேலைகளில் அது அவர் மார்பில், நொடிக்கு நொடி அளவைப் பதிவு செய்துகொண்டு இருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. இறந்தவர் குடித்திருந்தார், வழுக்கி விழுந்தார் என்று கதை கட்டும்போது அது சாட்சி சொல்லும். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சாவுக்கான காரணத்தை மறைக்க முனைபவர்களுக்கு இப்போது தேவை கூடியிருக்கிறது.

ராஜபாளையத்தில் பாதாளச் சாக்கடைக்காகத் தெருக்களைத் தோண்டியது ஊரறிந்த கதை. பழைய தொட்டிகளோடு 'ஆள்நுழைவுக் குழி'களும் சேர்கின்றன. ஆள் நுழைவதற்கென்றே பெயர் வைத்தோம், பாருங்கள்! 2020-ல் ஒன்றிய அரசு 'மேன்ஹோல்' என்பதை 'மெஷின்ஹோல்' என்று மாற்றச் சொன்னது. பெயரை மாற்றுவது சுலபம்; இயந்திரம் வர வேண்டும். கேரளத்தில் 2018-லேயே பாண்டிகூட் என்ற இயந்திர மனிதன் குழிக்குள் இறங்கிவிட்டது. சென்னை ஐஐடி உருவாக்கிய ஹோமோசெப் தொட்டிக்கானது. தொட்டியில் கணவரை இழந்த பெண்கள் தலைமையிலான சுய உதவிக் குழுக்களிடம் அது ஒப்படைக்கப்பட்டது. விருதுநகர் மாவட்டத்துக்கும் அப்படித்தான் வர வேண்டும். ஒப்பந்தக்காரருக்கல்ல, இத்தனை காலம் குழியில் இறங்கியவர்களுக்கே உடைமையாக. ஸ்ரீவில்லிபுத்தூர் 2011 தேர்தலிலிருந்து தனித்தொகுதி. சட்டமன்றத்தில் இதைக் கேட்கும் குரல் அங்கிருந்து எழாவிட்டால் வேறு எங்கிருந்து எழும்?

கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் வேதியியலும் மின்னணுவியலும் படிக்கும் பிள்ளைகள் கடைசி ஆண்டுச் செயல்திட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். ஈரத்தில் பிசகாத, கந்தகம் ஏறினாலும் மீளக்கூடிய ஒரு வாயு உணரியை எடுத்துப் பாருங்கள். தொழிலாளர்களிடம் பேசிவிட்டு ஆய்வகத்துக்குப் போங்கள். குழியின் ஆழமும் சேற்றின் குணமும் பாடப்புத்தகத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மற்றவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இரு நகராட்சிகளுக்கும் ஒரு மனு. நான்கு வாயு அளவி எத்தனை இருக்கிறது? எந்த ஆண்டு வாங்கியது? கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது? ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கும் அது கொடுக்கப்படுகிறதா? பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.