நண்பர்களின் செலவுக் கணக்கு: எந்த இலவசச் செயலி சரி?

நண்பர்கள் சேர்ந்து ஊர் சுற்றப் போனாலும், ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினாலும் செலவு பொதுவாகத்தான் நடக்கிறது. பணம் மட்டும் அந்த நேரத்தில் முன்வந்தவர் கணக்கிலிருந்து போகிறது. அதை அன்றன்றே எழுதி வைக்காவிட்டால் பிறகு சங்கடம்தான். அதிகம் கொடுத்தவர் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார். கொடுக்க வேண்டியவருக்குத் தொகை எவ்வளவு என்றே தெரியாது. இந்தச் சங்கடத்தைத் தீர்க்க இலவசச் செயலிகள் பல இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கும் முன், அவை என்ன செய்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வோம்.

நான்கு பேர் மதுரையிலிருந்து கொடைக்கானல் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வேனுக்கு 6,000 ரூபாய் கொடுக்கிறார். இன்னொருவர் அறை வாடகை 4,800 ரூபாய். மூன்றாமவர் சாப்பாட்டுக்கு 1,200 ரூபாய். நான்காமவர் எதுவும் கொடுக்கவில்லை. மொத்தம் 12,000, தலைக்கு 3,000. ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகத் தீர்க்கப் புகுந்தால் ஒன்பது முறை பணம் கைமாற வேண்டும். அதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் கொடுத்ததிலிருந்து அவரவர் பங்கைக் கழித்துப் பாருங்கள். வேனுக்குக் கொடுத்தவருக்கு 3,000 வர வேண்டும். அறைக்குக் கொடுத்தவருக்கு 1,800 வர வேண்டும். சாப்பாட்டுக்குக் கொடுத்தவர் இன்னும் 1,800 தர வேண்டும். நான்காமவர் 3,000 தர வேண்டும். இரண்டே பரிமாற்றத்தில் கணக்கு தீர்ந்துவிடுகிறது.

எத்தனை பில் இருந்தாலும், இந்த முறையில் தேவைப்படும் பரிமாற்றங்கள் அதிகபட்சம் ஆட்களின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவாகவே இருக்கும். சில நேரம் அதற்கும் கீழே போகும். கடனைச் சுருக்கும் வசதி என்று செயலிகள் சொல்வது இதைத்தான். இதில் ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். சாப்பாட்டுக்குக் கொடுத்தவர் வேன் செலவிலும் பங்கு தர வேண்டியவர். ஆனால் அறைக்குக் கொடுத்தவருக்கு மட்டும் 1,800 அனுப்பும்படி செயலி சொல்லும். இது தவறு அல்ல. குழுவில் எல்லோருடைய கடன்களும் ஒன்றுக்கொன்று கழிந்ததன் விளைவு. குழுவில் எல்லோருக்கும் இதை முன்பே விளக்கிவிட்டால் சந்தேகம் எழாது.

இந்தக் கணக்கைப் பெரும்பாலான செயலிகள் சரியாகவே போடுகின்றன. ஆகவே தேர்வு செய்ய வேண்டியது கணக்கை வைத்து அல்ல. வேறு சில கேள்விகளை வைத்து.

முதல் கேள்வி, இலவசம் எதுவரை? 2011இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் தொடங்கிய ஸ்பிளிட்வைஸ் செயலி நம்மூரிலும் பலருக்குப் பழக்கம். அதன் இலவச வடிவில் ஒரு நாளில் பதியக்கூடிய செலவுகளுக்கு வரம்பு உண்டு. வீட்டுச் செலவு எழுதுவோருக்கு அது உறுத்தாது; தினமும் ஓரிரண்டு செலவுதான் வரும். சுற்றுலாவிலோ டீயிலிருந்து டோல் வரை ஒரே நாளில் பத்துப் பதினைந்து செலவுகள் சேரும். வரம்பு அங்கேதான் இடிக்கும். பெல்ஜியத்தில் பிறந்த ட்ரைகவுண்ட் என்ற இன்னொரு செயலியை 2022இல் நெதர்லாந்தின் இணைய வங்கியான பங்க் வாங்கியது. உரிமையாளர் மாறினாலும் மாறாவிட்டாலும், ஒரு நிறுவனம் இன்று இலவசமாகத் தருவதை நாளை மாற்றலாம். எனவே கணக்கைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று தொடக்கத்திலேயே பாருங்கள்.

இரண்டாவது, எல்லோரும் கணக்கு தொடங்கியே ஆக வேண்டுமா? ஐ ஹேட் மணி என்ற திறந்த மூல இணையதளத்தில், குழுவுக்கு ஒரு ரகசியக் குறியீடு இருந்தால் போதும். செயலி எதையும் நிறுவ வேண்டாம். அந்தக் குறியீடு தெரிந்தவர் எவரும் பதிவை மாற்றலாம் என்பதால், நம்பிக்கையான சிறு குழுவுக்கே அது ஏற்றது. கூகுள் பே போன்ற பணம் அனுப்பும் செயலிகளிலும் குழு அமைத்துச் செலவைப் பிரிக்கலாம். ஆனால் எல்லோரும் அதே செயலியில் இருந்தால்தான் முழுப் பயன்.

மூன்றாவது, சமமில்லாத பங்கைப் பிரிக்க முடியுமா? வீட்டு வாடகை 20,000 ரூபாய். ஒருவருக்குத் தனி அறை, இருவருக்குப் பொது அறை என்றால், 4:3:3 என்று வைத்து 8,000, 6,000, 6,000 எனப் பிரிப்பது நியாயமாகப் படலாம். பத்து நாள் ஊருக்குப் போனவரை அந்த நாட்களின் பால், காய்கறிச் செலவிலிருந்து விலக்க வேண்டியிருக்கும். பங்கு விகிதமாகவும், சிலரை மட்டும் சேர்த்தும் பிரிக்க விடாத கருவி அறைத் தோழர்களுக்கு உதவாது. எந்த விகிதம் நியாயம் என்பதை எந்தச் செயலியும் சொல்லாது. அதை நண்பர்கள் செலவுக்கு முன்பே பேசி முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலான மனத்தாங்கல்கள் கூட்டல் பிழையால் வருவதில்லை. பேசாமல் விட்ட விகிதத்தால் வருகின்றன.

நான்காவது, பாதுகாப்பு. செலவைப் பிரிக்க உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கத் தேவையில்லை. தொடர்பு எண்கள் முழுவதும் தேவையில்லை. அந்த அனுமதிகளைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். யுபிஐயில் பணம் பெற ரகசிய எண்ணைப் போட வேண்டியதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு நாள் பயணம், நான்கைந்து செலவு என்றால் செயலியே வேண்டாம். ஒரு தாளும், மேலே சொன்ன கழித்தலும் போதும். மாதக்கணக்கில் சேர்ந்து வாழ்பவர்களுக்கு, எல்லோரும் திறக்கக்கூடிய கூகுள் ஷீட்டே பெரும்பாலும் போதுமானது: யார் கொடுத்தார், எவ்வளவு, யாருக்காக என்று மூன்று பத்திகள். பெரிய குழு, பல நாள் பயணம் என்றால் செயலி உண்மையிலேயே வேலையைக் குறைக்கும்.

குழுவில் கைபேசியை மிகக் குறைவாகப் பழகியவர் யாரோ, அவர் தயக்கமின்றித் திறந்து தன் பாக்கியைப் பார்க்க முடிகிற கருவியே உங்களுக்குச் சரியானது. ஒருவர் மட்டும் பார்க்கும் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மற்றவர்களுக்கு அது வெறும் சொல்தான். அடுத்த பயணத்துக்குக் கிளம்பும் முன், விகிதத்தைப் பேசி முடியுங்கள். கருவியைச் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். திரும்பிய வாரத்திலேயே கணக்கைத் தீர்த்துவிடுங்கள்.