வள்ளியை வகுப்புக்கு அழைப்போம்!



ஆண்டு விழா வந்தால் உங்கள் பள்ளியில் என்னென்ன நடக்கும்? நானே சொல்லட்டுமா? வரவேற்பு நடனம், நான்கு சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், மாறுவேடப் போட்டி, பரிசளிப்பு, நாட்டுப்பண். நாடகம் என்று ஒன்று இருந்தால், கட்டபொம்மன் பத்து நிமிடம் வந்து வெள்ளைக்காரத் துரையைத் திட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான்!

கட்டபொம்மன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டு மக்களை விடிய விடிய உட்கார வைத்துச் சிரிக்க வைத்த நாடகம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதை மட்டும் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்த நாடகத்தின் பெயர் 'வள்ளி திருமணம்'.

"அது காதல் கதையாயிற்றே! பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதனால் ஒரு தவறும் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கதையைக் கேளுங்கள்.

வேடர் தலைவன் நம்பிராஜன். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் அவனுக்கு ஒரு பெண் குழந்தை கிடைக்கிறது. அதனால் அவளுக்கு வள்ளி என்று பெயர். வளர்ந்த வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று, 'ஆலோலம்' பாடி, கவண் வீசிப் பறவைகளை விரட்டுகிறாள். நாரதர் அவளைப் பார்க்கிறார். நாரதர் பார்த்தால் சும்மா இருப்பாரா? நேரே முருகனிடம் போய்ச் சொல்லிவிடுகிறார்.

முருகன் வேடனாக வேடம் போட்டுக்கொண்டு வருகிறார். மானைத் தேடுவதாகச் சாக்குச் சொல்லிப் பேச்சுக் கொடுக்கிறார். வள்ளி விடுவதாக இல்லை. அந்த நேரம் பார்த்து நம்பிராஜன் வந்துவிட, வேடன் சட்டென்று வேங்கை மரமாகி நிற்கிறார். "நேற்று வரை இங்கே மரம் இல்லையே!" என்று எல்லாரும் திகைக்கிறார்கள். அடுத்து, தள்ளாடும் கிழவராக வருகிறார். தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிடுகிறார். விக்கல் எடுக்கிறது. தண்ணீர் குடித்ததும், "என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா?" என்று கேட்கிறார்! கடைசியில் அண்ணன் விநாயகர் யானையாக வந்து மிரட்ட, பயந்துபோன வள்ளி ஓடிவந்து கிழவரையே பிடித்துக்கொள்கிறாள். பிறகு உண்மை உருவம் தெரிகிறது. திருமணம் நடக்கிறது.

இதில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கிழவர் யார் என்பது பார்க்கும் நமக்குத் தெரியும், வள்ளிக்குத் தெரியாது. அந்த இடைவெளிதான் சிரிப்பு. இங்கிலாந்தின் ஷேக்ஸ்பியரும் இதே வித்தையைத்தான் செய்தார். அவருடைய நாடகம் ஒன்றில் ரோசலிண்ட் என்ற பெண் ஆண் வேடத்தில் காட்டில் திரிவாள். அவள் மனத்துக்குப் பிடித்தவனுக்கே அவளை அடையாளம் தெரியாது! அந்த நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் 'விரும்பிய விதமே' என்று தமிழில் எழுதினார். பெரிய வகுப்பிலும் கல்லூரியிலும் ஷேக்ஸ்பியரின் காதல் நாடகங்களைப் படிக்கலாம், வள்ளியின் கதை மட்டும் ஆகாது என்றால் அது என்ன நியாயம்?

கதை மிகப் பழையது. வள்ளியைப் பற்றிய குறிப்பு சங்க நூலான நற்றிணையிலேயே இருக்கிறது. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் இதை விரிவாகச் சொல்கிறது. மேடை நாடகமாக ஊர் ஊராகப் பரவச் செய்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922). தமிழ் நாடக உலகம் அவரைத் தலைமையாசிரியர் என்று போற்றுகிறது. 1918-இல் மதுரையில் சிறுவர்களையே நடிகர்களாக வைத்து 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்ற குழுவைத் தொடங்கினார். பின்னாளில் 'அவ்வை' என்று பட்டம் பெற்ற டி.கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு! உங்கள் தம்பி வயதுதான். பாவம், அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நாடகக் கொட்டகையே பள்ளிக்கூடம். உங்களுக்கு இரண்டுமே கிடைக்கலாமே!

சுவாமிகள் மறைந்தது நம் பக்கத்திலுள்ள புதுச்சேரியில். எங்கள் பிரம்மதேசத்திலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். கருவடிக்குப்பத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் மயிலம் மலையில் வள்ளி, தெய்வானையுடன் முருகனைக் கும்பிடும் நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' ஸ்பெஷல் நாடகமாக நடக்கும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன் என்று ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரிலிருந்து வந்து சேர்வார்கள். ஒத்திகை கிடையாது! பாட்டுகள் ஏற்கெனவே தெரிந்தவை. நடுவில் வரும் தர்க்கம்தான் அன்றன்றைக்குப் புதிது. அவர் என்ன கேட்பார் என்று இவருக்குத் தெரியாது; இவர் என்ன பதில் சொல்வார் என்று அவருக்குத் தெரியாது. திருக்குறள், புராணம், கணக்கு, விடுகதை எல்லாம் வந்து விழும். பதில் சொல்லத் தெரியாதவர் மேடையில் நிற்க முடியாது.

இந்தத் தர்க்கத்துக்குள் நாட்டு நடப்பும் புகுந்தது. விடுதலைப் போராட்ட காலத்தில் எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ் என்ற நடிகர் முருகன் வேடத்தில் வருவார். தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் இடத்தில், வெள்ளைக் கொக்கை விரட்டச் சொல்லும் பாட்டு வரும். எந்த வெள்ளையரைச் சொல்கிறார் என்று கூட்டத்துக்குப் புரிந்துவிடும்; காவல்துறைக்கும் புரிந்துவிடும்! பலமுறை சிறைக்குப் போனார். 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளில், சென்னையில் இதே நாடகத்தில் முருகனாக மேடையில் இருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

இப்போது என் தவறைச் சொல்கிறேன்.

நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, ஆண்டு விழாவுக்கு இந்த நாடகத்தைப் போட்டோம். பெற்றோர் ஏதாவது சொல்வார்களோ என்று எனக்குப் பயம். அதனால் வேடனும் வள்ளியும் பேசிக்கொள்ளும் இடங்களை எல்லாம் வெட்டிவிட்டேன். வள்ளி பரண் மேல் நிற்பாள். வேடன் வருவான், போவான். கிழவர் வருவார். யானை வரும். மாலை மாற்றிக்கொள்வார்கள். முடிந்தது. கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வள்ளியாக நின்ற மாணவி கேட்டாள்: "சார், நான் எதுக்கு சார்? அந்த இடத்துல ஒரு பொம்மையை வெச்சிருக்கலாமே!"

சுருக்கென்று இருந்தது. அவள் சொன்னது சரிதானே?

அடுத்த ஆண்டு வெட்டவில்லை. தர்க்கத்தை வகுப்புப் பிள்ளைகளையே எழுதச் சொன்னேன். "உன் பேர் என்ன?" என்று வேடன் கேட்க, "மானைத் தேடுறவருக்கு என் பேர் எதுக்கு? மான் பேரைச் சொல்லுங்க, கூப்பிட்டுப் பார்க்கிறேன்" என்றாள் வள்ளி. பழைய பேன்ட் காலில் வைக்கோல் அடைத்துத் தும்பிக்கை செய்தோம். வேங்கை மரமாக நின்ற பையன் கையில் இருந்தது வேப்பிலைக் கொத்து! சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

ஒத்திகையின் நடுவில் வள்ளி மறுபடியும் ஒரு கேள்வி கேட்டாள். "யானையைக் காட்டிப் பயமுறுத்தி, கல்யாணத்துக்குச் சரின்னு சொல்ல வைக்கிறது நியாயமா சார்?"

வள்ளி என்பது உயிர், முருகன் என்பது இறைவன், உயிரை இறைவன் தேடி வந்து ஆட்கொள்கிறான் என்று பெரியோர் சொன்ன விளக்கத்தைச் சொன்னேன். அவள் விடவில்லை. "சாமிக்கு அது சரி சார். எங்க தெருவுல ஒருத்தர் இப்படிச் செஞ்சா?"

"அது தப்புதான்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அன்று முழுவதும் வகுப்பில் அதே பேச்சு. கடைசியில் பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். யானை போன பிறகு எங்கள் வள்ளி நிமிர்ந்து நின்று சொன்னாள்: "பயத்துல சொன்ன வார்த்தை செல்லாது. இப்போ யானை இல்லை. இப்போ கேளுங்க." முருகன் தன் உண்மையான உருவத்தில் வந்து மறுபடியும் கேட்டார். வள்ளி சற்று யோசித்துவிட்டு, சரி என்றாள். பெற்றோர் பக்கத்திலிருந்து எழுந்த கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. யாரும் புகார் சொல்லவில்லை.

கதையை மாற்றலாமா என்று கேட்பீர்கள். பாட்டையும் கதையையும் மதிக்க வேண்டும். ஆனால் தர்க்கம் அந்தந்த மேடைக்காரருடையது. விஸ்வநாத தாஸ் தன் காலத்துக் கேள்வியை அதில் சேர்த்தார். எங்கள் பிள்ளைகள் தங்கள் காலத்துக் கேள்வியைச் சேர்த்தார்கள்.

காதல் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர்கள் கதவைச் சாத்தினால், பிள்ளைகள் அதைச் சினிமாவிலும் கைப்பேசியிலும்தான் கற்றுக்கொள்வார்கள். அங்கே ஒரு பெண் 'வேண்டாம்' என்றால் விடாமல் பின்னால் சுற்றுவதுதான் வீரம் என்று காட்டுகிறார்கள். வகுப்பறையில் ஆசிரியர் பக்கத்தில் இருக்க, வள்ளியோடு சேர்ந்து கேள்வி கேட்டுப் பழகுவது எவ்வளவோ மேல்.

அதனால் குழந்தைகளே, இந்த ஆண்டு விழாவுக்கு உங்கள் தமிழாசிரியரிடம் போய், "வள்ளி திருமணம் போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். மேடை பெரிதாக வேண்டாம். பரணுக்கு இரண்டு பெஞ்சு, தாடிக்குக் கொஞ்சம் பஞ்சு போதும். ஆனால் ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வள்ளியின் வாயை அடைத்துவிடாதீர்கள். அவள் கேட்கும் கேள்விகளில்தான் நாடகமே இருக்கிறது!