திருப்பிப் போட்டாதான் தெரியும்!

உங்க ஹாஸ்டல் மெஸ் ஓரத்துல 'ர்ர்ர்'னு உறுமிக்கிட்டு ஒரு ஆர்.ஓ. மெஷின் நிற்குமே, அதுக்குள்ள இருக்கிற ஹீரோ யார் தெரியுமா? பாய் மாதிரி சுருட்டி வெச்ச ஒரு மெல்லிய சவ்வு. இந்த வாரம் அதோட கதைதான்.

ப்ளஸ் டூவில் படிச்ச ஆஸ்மாசிஸ் ஞாபகம் இருக்கா? நடுவுல ஒரு சவ்வு இருந்தா, உப்பு குறைஞ்ச பக்கத்திலிருந்து கூடின பக்கத்துக்குத் தண்ணீர் தானாகப் போகும். உப்புப் பக்கத்தைப் பலமாக அழுத்தினால் அப்படியே ரிவர்ஸ்! கடல் நீருக்கு 55 பாருக்கு மேல் அழுத்தம் கொடுக்கிறார்கள். கார் டயரில் இருப்பதைப் போல சுமார் 25 மடங்கு.

1950-களில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ரீட், ப்ரெட்டன் என்ற இரண்டு பேர் செல்லுலோஸ் அசிடேட் படலம் உப்பைத் தடுக்கும் என்று காட்டிவிட்டார்கள். ஆனால் தண்ணீர் சொட்டுகிற வேகத்தைப் பார்த்தால் ஒரு டம்ளர் நிறைவதற்குள் செமஸ்டர் முடிஞ்சிடும்!

இங்கேதான் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தில் நம்ம ஜோடி என்ட்ரி. ஒருத்தர் சிட்னி லோப். பல வருஷம் கம்பெனிகளில் வேலை பார்த்துட்டு, நாற்பது வயசில் மறுபடி மாணவராக வந்தவர். இன்னொருத்தர் இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜன். கடையில் கிடைத்த படலத்தைத் தண்ணீரில் சூடாக்கிச் சோதித்தார்கள். ஒரு தடவை ரிசல்ட் சூப்பர், இன்னொரு தடவை சொதப்பல். ஷீட்டும் அதேதான், டெஸ்ட்டும் அதேதான். அப்புறம் என்ன பிரச்னை?

எந்தப் பக்கம் உப்புத் தண்ணீரைப் பார்த்து இருக்கு என்பதுதான்! படலத்தோட ரெண்டு பக்கமும் ஒண்ணு இல்லை. ஒரு பக்கம் நெருக்கமான தோல், அதுக்குக் கீழே ஸ்பாஞ்ச் மாதிரி துளைகள். உப்பைத் தடுப்பது தோல் மட்டும்தான். தோல் எவ்வளவு மெல்லிசோ, அவ்வளவு வேகமாகத் தண்ணீர் வரும். இது புரிஞ்சதும் அப்படிப்பட்ட சவ்வைத் தாங்களே வார்த்தார்கள். தோலின் தடிமன் தலைமுடியில் சில நூறில் ஒரு பங்கு. தண்ணீர் வரத்து சுமார் 10 மடங்கு கூடியது. 1960-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1964-ல் கிடைத்தது.

1965-ல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊரில் முதல் ஆலை ஓடியது. ஒரு காலத்தில் அந்த ஊருக்குக் குடிதண்ணீர் ரயிலில் வந்தது. நம்ம சென்னைக்கு 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் தினம் தலா 10 கோடி லிட்டர் தரும் ஆலைகள் வந்ததும் இதே வழியில்தான். இப்போ பெரும்பாலும் பாலிஅமைடு சவ்வுகள். ஆனால் 'மெல்லிய தோல், துளையுள்ள தாங்கி' என்ற ஐடியா மாறலை.

கதை முடியலை, பாஸ். கடல் நீர் ஆலைகளில் உள்ளே போவதில் பாதிக்கும் மேல் அடர்ந்த உப்புக் கரைசலாகக் கடலுக்கே திரும்புது. வீட்டு மெஷினிலும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ரெண்டு, மூணு லிட்டர் சாக்கடைக்குப் போயிடுது. டி.டி.எஸ். 500-க்குள் இருக்கிற தண்ணீருக்கு ஆர்.ஓ.வே வேண்டாம் என்று 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது சும்மா இல்லை. கெமிக்கல், சிவில், மெக்கானிக்கல்... எந்த பிராஞ்சா இருந்தாலும் இது உங்களுக்காகக் காத்திருக்கிற ப்ராஜெக்ட்.

இன்னொண்ணு. ரீடிங் ஒத்துவரலைன்னா சீனியர் ரெக்கார்டைப் பார்த்து 'சரி' பண்ணுவது பல லேப்களில் சகஜம். லோபும் சௌரிராஜனும் அப்படிப் பண்ணியிருந்தா கோலிங்காவில் அந்த ஆலை அப்போ ஓடியிருக்குமான்னு சந்தேகம்தான். ஒத்துவராத அந்த ரீடிங்கை அப்படியே எழுதி வைங்க. பக்கத்துலயே ஷீட்டை எந்தப் பக்கமா மாட்டினீங்கன்னும் குறிச்சுக்கோங்க!