புழக்கடைத் தோட்டமும் பயிர் கலைத்தலும்

நஞ்சையில் நெல் நடும் பட்டாதாரருக்குக் குத்துக்குக் குத்து எவ்வளவு இடைவெளி வேண்டுமென்று ஒருவரும் போதிக்க வேண்டியதில்லை. கரும்புக்குப் பார் பிடிக்கும்போதும் அவர் அளவு தவறுவதில்லை. ஆயினும் அவர் வீட்டுப் புழக்கடையிலேயே வெண்டையும் கத்தரியும் கீரையும் ஒன்றையொன்று நெருக்கி, வெளிறி, நெட்டையாக வளர்ந்து, காய்ப்பின்றி நிற்பதைப் பல கிராமங்களிற் காணலாம். விதையைப் பழிப்பாரும் மண்ணைப் பழிப்பாரும் உண்டு. பெரும்பாலும் குற்றம் இவ்விரண்டினதும் அன்று. முளைத்ததைக் கலைக்க மனம் வராமையே காரணமாகும்.

உயிரோடு எழுந்த செடியைப் பிடுங்குவது பாவமென்று வீட்டார் தயங்குவது இரக்கத்தினால்தான். ஆனால் ஒரு செடிக்குரிய ஈரத்தையும் உரத்தையும் வெளிச்சத்தையும் ஐந்து செடிகளுக்குப் பங்கிட்டால் ஐந்தும் பட்டினி கிடக்கும். நாற்றங்காலில் நெருக்கமும் ஈரமும் மிகுந்தால் நாற்றழுகல் நோய் புகுந்து பாத்தி முழுவதையும் சாய்த்துவிடுவதும் உண்டு. கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும் என்று முன்னோர் சொன்னது நெல்லுக்கு மட்டுமன்று.

அளவுகள் எளியவை. வெண்டைக்கு வரிசை இடைவெளி ஒன்றரை அடி, செடி இடைவெளி ஓரடி. குழிக்கு 3 விதை ஊன்றி, பத்தாம் நாளில் 2 செடிகளை நிறுத்தினாற் போதும். புடல், பாகல், பீர்க்குக்குக் குழிக்கு 5 விதையிட்டு, பதினைந்தாம் நாளில் 2 கொடிகளை விடலாம். 30 முதல் 35 நாள் வயதுடைய கத்தரி நாற்றை 2 அடிக்கு 2 அடியாக நடுதல் நன்று. முள்ளங்கிக்குச் செடிக்குச் செடி 4 அங்குலம் வேண்டும். பிடுங்கி நட்டால் கிழங்கு கவைத்துப் போமாதலால் அதனைக் கலைத்தலன்றி வேறு வழியில்லை. கீரை விதை மிகப் பொடியாதலின், உலர்ந்த மணலோடு கலந்து தூவுவதே நெருக்கத்தை முதலிலேயே குறைக்கும்.

பூச்சி சில செடிகளை அழித்துவிட்டால் என் செய்வதென்று வினவுவர். நியாயமான அச்சமே. அதற்காகவே விதையைச் சிறிது மிகையாக இடுவதும், ஒரே நாளிற் கலைக்காமல் இரு தவணையாகக் கலைப்பதும், கத்தரி, தக்காளி நாற்றுகளிற் சிலவற்றை நாற்றங்காலின் ஓரத்தில் போக்கிடத்திற்கு வைத்திருப்பதும் வழக்கமாயின. எல்லாவற்றையும் இறுதிவரை நிறுத்திவைப்பது அதற்குப் பரிகாரமாகாது.

கலைக்கும்முன் பாத்தியை நனைத்துக்கொள்ள வேண்டும். நோயுற்றதும் கோணியதும் முதலிற் போக வேண்டும். வேர்கள் பின்னிக் கிடந்தால் பிடுங்காமல் மண்ணோடு கத்தரித்துவிடுவது நல்லது. இல்லையேல் நிற்க வேண்டிய செடியும் அசைந்து வாடும். கலைத்தது வீணாவதுமில்லை. இளங்கீரையும் முள்ளங்கித் தழையும் அன்றே அடுப்பேறும். ஆகவே முதல் அறுவடையே கலைத்தல்தான் என்று வீட்டாருக்குச் சொன்னால் தயக்கம் நீங்கும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதிற் கடமையுண்டு. விதைப் பொட்டலம் எத்தனை வழங்கப்பட்டதென்று கணக்கெழுதுவது எளிது. விதைத்த பதினைந்தாம் நாளில் தோட்டத்துள் நுழைந்து பார்ப்பதே பயன் தரும். ஊர்ப் பள்ளியில் ஒரே விதையை இரு பாத்திகளில் விதைத்து, ஒன்றைக் கலைத்து, மற்றொன்றைக் கலையாமல் விட்டுக் காட்டட்டும். இரண்டு மாதத்தில் அப்பாத்திகளே ஊராருக்கு உண்மையைச் சொல்லிவிடும்.