கல்லுக்குள் இருக்கும் சோறு

உழவனின் உழைப்பு மண்ணில் தொடங்குகிறது. மண்ணோ மலையில் தொடங்குகிறது. மலை தேய்ந்து மணலாகி, மணல் நைந்து வண்டலாகி, வண்டலில் பயிர் விளைந்து சோறாகிறது. குறிஞ்சியையும் மருதத்தையும் ஓர் ஆற்றால் இணைத்துப் பார்த்த தமிழினம் இவ்வுண்மையை வாழ்ந்து அறிந்திருந்தது. அவ்வினத்தின் வழிவந்த உழவனிடம் இன்று பாறைத்தூள் பையிலும் காந்தக் கருவி பெட்டியிலுமாக வந்து விலை பேசப்படுகின்றன. கல்லில் சத்து உண்டு என்பது மெய். சில கற்களில் காந்த இயல்பு உண்டு என்பதும் மெய். ஆனால் அந்தச் சத்தை எடுத்துப் பயிருக்கு ஊட்டும் கை எது? இக்கேள்வியை விற்பவனும் எழுப்புவதில்லை; வாங்குபவனும் எழுப்புவதில்லை. அது மண்ணில் வாழும் நுண்ணுயிரின் கை. அதனை மறந்த வேளாண்மை, அடுப்பை அணைத்துவிட்டு அரிசி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டையே ஒக்கும்.

இதனைக் கண்கூடாகக் காண்பதற்கு வீரகேரளம்புதூர் மிகப் பொருத்தமான இடமாகும். ஊற்றுமலைக் குறுநிலத்தின் தலையூராக இருந்ததும், காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலையாரைப் புரந்த இருதயாலய மருதப்பத் தேவர் வாழ்ந்ததும் அவ்வூரே. 2019-இல் நெல்லையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியில் அஃது இன்று ஒரு வட்டத்தின் தலைநகர். குற்றால மலையில் பிறந்து வரும் சிற்றாற்றோடு அனுமன் நதி என்னும் கிளையாறு அங்கே கூடுகிறது. மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலையும், நடுவே ஓடும் ஆறும், ஆற்றுநீரைத் தேக்கும் குளங்களும், குளத்தை நம்பிய வயல்களும் ஒரே பார்வையில் அடங்கும் நிலம் அது.

அம்மலையின் பாறை எளிய பாறை அன்று. பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாறிய பாறை வகைகள் அங்கே உள்ளன. அவற்றுள் ஒன்றான கருங்கல் வகைக்கு அறிவியலுலகம் வைத்திருக்கும் பெயர் சார்னோக்கைட்டு. சென்னைப் பறங்கிமலைப் பக்கத்துக் கல்லை 1890-களில் ஆய்ந்த தாமசு ஓலந்து என்னும் ஆங்கிலேயர், அக்கல்லால் செய்யப்பட்ட கல்லறையின் கீழ்க் கொல்கத்தாவில் உறங்கும் சோப் சார்னோக்கு என்னும் வணிகனின் பெயரை அதற்குச் சூட்டினார். தமிழ்நிலத்துக் கல், தமிழன் செதுக்கிக் கோயில் எழுப்பிய கல், ஆங்கில வணிகன் பெயரால் உலகெங்கும் அழைக்கப்படுகிறது! கல்லைத் தமிழன் வைத்திருந்தான். அதனைப் பற்றிய நூலைப் பிறன் எழுதினான். பெயர் யாருக்குப் போகும் என்பதற்கு இஃது ஒரு பாடம்.

அக்கல்லுக்குள் என்ன இருக்கிறது? வெங்கச்சங்கல் இருக்கிறது, அதிற் பயிருக்கான உணவு ஏதுமில்லை. பெல்சுபார் என்னும் கனிமம் இருக்கிறது. அதில் சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. உழவர் காக்காப்பொன் என்று அழைக்கும் கனிமத்தின் கரிய வகை, சாம்பல் சத்தையும் மகனீசியத்தையும் இரும்பையும் தாங்கியுள்ளது. மணிச்சத்தைத் தரும் கனிமம் சிறு துகள்களாகச் சிதறிக் கிடக்கிறது. பயிருக்கு இன்றியமையாத தனிமங்கள் 17 என்பது அறிவியலார் முடிபு. அவற்றுள் மூன்றைக் காற்றும் நீரும் தருகின்றன. தழைச்சத்து காற்றிலிருந்து நுண்ணுயிர் வழியாக வருகிறது. எஞ்சிய 13-க்கும் தாய் கல்லே. கல்லுக்குள் சோறு இருக்கிறது என்பது வெறும் உவமை அன்று.

இனிக் காந்தத்திற்கு வருவோம். ஆற்றுமணலில் ஒரு காந்தத்தை இழுத்தால் கருந்துகள்கள் வந்து ஒட்டிக்கொள்வதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். காந்தக்கல் என்னும் இரும்புக் கனிமத்தின் பொடி அது. சித்த மருத்துவர் காந்தச் செந்தூரம் செய்வதும் அக்கல்லைக் கொண்டே. காந்தத்தால் வலிவாக ஈர்க்கப்படும் கற்கள் ஒருபுறம் இருக்க, மிக மெல்லிதாக ஈர்க்கப்படும் கற்களும் உண்டு. இம்மெல்லிய ஈர்ப்பே மண்வளத்தின் மறைபொருள் என்று பிலிப்பு காலகன் என்னும் அமெரிக்கப் பூச்சியியலார் 1995-இல் ஒரு நூலே எழுதினார். அதிலிருந்து கிளைத்ததே பாறைத்தூளுக்குக் காந்த ஆற்றல் கூறும் வழக்கம். நெல்லைப் பகுதி பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி அமைந்திருப்பதால் காந்த ஊசி அங்கே ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். நெல்லையை அடுத்த கிருட்டிணாபுரத்தில் புவிக்காந்த ஆய்வகம் ஒன்று இயங்குவதும் அதனாலேயே. இதனையும் எடுத்து இழுத்துப் பயிரோடு முடிச்சுப் போடுவார் இருக்கலாம். ஆனால் கல்லின் காந்த ஈர்ப்பு பயிரை வளர்க்கிறது என்பதற்கு உறுதியான வயல்வெளிச் சான்று இன்றுவரை நிறுவப்படவில்லை. காந்தம் கல்லில் இரும்பு இருப்பதைக் காட்டும் அடையாளம்; அந்த அளவோடு அதன் பணி முடிந்தது.

இரும்பு இருப்பது வேறு, பயிருக்குக் கிடைப்பது வேறு. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் நிலக்கடலை விதைத்தவன் இதனை அறிவான். மண்ணில் இரும்பு நிறைந்திருக்கும். இலையோ இரும்பின்றி மஞ்சளித்து நிற்கும். காரத்தன்மை மிக்க மண்ணில் இரும்பு கரையாமல் இறுகிவிடுவதே காரணம். அங்கே காந்தத்தைக் காட்டி என்ன பயன்? நுண்ணுயிர்களோ இரும்பைப் பற்றி இழுக்கும் ஒருவகைப் பொருளைச் சுரந்து, இறுகிக் கிடக்கும் இரும்பைக் கரைத்தெடுக்கின்றன. அந்த இரும்பில் ஒரு பங்கு வேருக்கும் கிட்டுகிறது. இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள் தம் உடலுக்குள்ளேயே காந்தக்கல் மணிகளைக் கோத்து வைத்து, பூமியின் காந்தத்தைக் கொண்டு திசையறிகின்றன என்பதை ரிச்சர்டு பிளேக்மோர் 1975-இல் வெளியிட்டார். மண்ணில் காந்தத்தைக்கூட உயிர் ஆக்குகிறது. உயிரைக் காந்தம் ஆக்குவதில்லை.

இரும்புக்குச் சொன்னதே பிற சத்துகளுக்கும் பொருந்தும். ஒரு கிராம் நல்ல மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் சில, காடிப்பொருள்களைச் சுரந்து மணிச்சத்துக் கனிமத்தைக் கரைக்கின்றன. சில, காக்காப்பொன்னின் ஏடுகளிலிருந்து சாம்பல் சத்தை விடுவிக்கின்றன. பயறு வகைகளின் வேர்முடிச்சுகளில் குடியிருப்பவை காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. 1880-களில் செருமானிய அறிவியலார் இதனை மெய்ப்பித்தனர். வேர் உட்பூசணம் என்னும் பூசண இழை, வேர் எட்டாத இடத்துக்கும் நீண்டு மணிச்சத்தைக் கொணர்கிறது. இவை இத்தனை வேலைக்கும் கேட்கும் கூலி ஒன்றே: மக்கும் பொருள். சாணம், சருகு, தழை ஆகியன இல்லாத மண்ணில் கல் கல்லாகவே கிடக்கும்.

தமிழுழவன் இக்கூலியை ஒழுங்காகக் கொடுத்து வந்தான். கோடையில் குளம் வற்றியதும் அடியில் படிந்த கரம்பையை வண்டி கட்டி அள்ளி வயலில் பரப்பினான். அக்கரம்பை என்பது என்ன? மலைப்பாறையை ஆறு பல்லாண்டு அரைத்துத் தந்த பொடி. குளத்துச் செடிகொடிகளும் மீன்களும் மக்கிக் கலந்த உரம். நுண்ணுயிர் செறிந்த சேறு. கல்லும் உயிரும் முன்னரே கூடிவிட்ட ஊட்டம் அது. அதன்மேல் ஆட்டுக்கிடை போட்டான். கொளுஞ்சி விதைத்து மடக்கி உழுதான். வேம்பு, புங்கு, எருக்குத் தழைகளை மிதித்தான். கோடையுழவு செய்து மண்ணை வெயிலில் காயவிட்டான். ஒரு பலப் புழுதி கால் பலமாகக் காய்ந்தால் ஒரு பிடி எருவும் வேண்டாது என்று திருக்குறள் கூறுவது வெறும் புனைந்துரையோ என ஐயுற்றோர் உண்டு. காய்ந்த மண் மீண்டும் நனையும்போது நுண்ணுயிர்ச் செயல் திடுமெனப் பெருகித் தழைச்சத்தை விடுவிக்கிறது என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் ஆய்ந்து பெர்ச்சு என்பவர் 1958-இல் எழுதினார். அடுத்த குறளிலேயே, உழுவதினும் எரு இடுதல் நன்று என்று வள்ளுவர் நிறைவு செய்ததும் எண்ணத்தக்கது.

பிற நாட்டார் இப்பொழுதுதான் இவ்வழிக்கு வருகின்றனர். கல்லிலிருந்து உணவு என்னும் கருத்தைச் செருமானியரான சூலியசு என்செல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பினார். உர வணிகத்தின் ஆரவாரத்தில் அது அமுங்கிப்போயிற்று. பிரேசில் நாடு 2013-இல் சட்டம் இயற்றிப் பாறைப்பொடியை மண்ணூட்டமாக ஏற்றுக்கொண்டது. சத்தீசுகரின் சிற்றுழவர் வயல்களில் எரிமலைப் பாறைப்பொடியைத் தூவி, காற்றின் கரிவளியைப் பிடிக்கும் மாட்டி கார்பன் என்னும் நிறுவனம் 2025-இல் உலகப் போட்டியொன்றில் ஐந்து கோடி தாலர் முதற்பரிசைப் பெற்றது.

ஆயினும் அங்கே தூவப்படுவது எளிதிற் கரையும் எரிமலைப் பாறை. தென்காசிப் பக்கத்துக் கருங்கல்லும் வரிப்பாறையும் மெதுவாகவே கரைவன. அமெரிக்காவின் இல்லினாயிசில் நடந்த ஆய்வில் எக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 50 தொன் தூவினர். ஒரு கிலோ பாறைத்தூளை வாங்கித் தோட்டத்தில் தூவிவிட்டு வளம் பெருகும் என்று காத்திருப்பவன் ஏமாறுவான். சில பாறைகளில் நிக்கல், குரோமியம் போன்ற நச்சுலோகங்களும் மிகுதியாக இருக்கும். ஆய்ந்து பாராமல் எந்தப் பொடியையும் இடுதல் ஆகாது. கல்லுடை ஆலையிலிருந்து பறந்து இலைமேற் படியும் தூசியும் உரம் அன்று. அஃது இலையின் மூச்சை அடைப்பது, ஆளின் நுரையீரலை அரிப்பது.

இங்கேதான் தென்காசி மக்களின் வயிற்றெரிச்சல் தொடங்குகிறது. மலையடிவாரத்துப் பாறைகள் உடைக்கப்பட்டுச் சல்லியாகவும் செயற்கை மணலாகவும் புளியரை வழியே கேரளத்துக்குச் செல்வதை எதிர்த்து உழவரும் பொதுமக்களும் அண்மை ஆண்டுகளில் பலமுறை போராடியுள்ளனர். ஆறு ஆயிரம் ஆண்டுகளில் அரைத்துத் தரவேண்டிய பாறை ஒரு பகலில் சரக்குந்தில் ஏறிவிடுகிறது. பாவூர்ச்சத்திரச் சந்தையிலிருந்து காய்கறி மேற்கே செல்கிறது; அது மறு ஆண்டும் விளையும். மலை மறு ஆண்டு விளையாது. மலையை விற்றவன் வண்டலை விற்கிறான். வண்டலை விற்றவன் தன் பேரனின் சோற்றை விற்கிறான்.

இதனோடு சொல்லும் பறிபோகிறது. செவல், கரிசல், சரளை, கரம்பை, வண்டல், களர், உவர், தேரி என்னும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு மண்ணின் நிறத்தையும் குணத்தையும் நீர்ப்பிடிப்பையும் ஒருங்கே உரைப்பவை. இவற்றை ஆய்வேடுகள் ஆல்பிசால் என்றும் வெர்ட்டிசால் என்றும் எழுதிவைத்தால் உழவன் தன் காலடி மண்ணையே அடையாளம் காணாதவன் ஆகிறான். தேவாரத்தில் ஆனைந்து என்றும் ஆனஞ்சு என்றும் அழகுறப் பயின்ற சொல் இருக்க, அப்பெயர்க்குரிய கலவையை வடசொல்லால் அழைத்து விற்கும் நிலை ஏன்? கோவிற்பட்டி ஆய்வு நிலையத்துப் பணியை 1969-இல் துறந்து, 2013-இல் மறையும்வரை ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார் அமுதக் கரைசல் என்று உழவரிடம் பேசினார். உழவர் விளங்கிக்கொண்டு செய்தனர். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்னும் பெயர்களைப் போல ஒவ்வொரு நுண்ணுயிருக்கும் கனிமத்துக்கும் தமிழ்ப்பெயர் வழங்குமானால், விற்பவனின் புளுகு உழவனின் வாசலிலேயே நின்றுவிடும். விளங்காத மொழியே ஏமாற்றின் முதல்.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. நடுவணரசு 2015-இல் தொடங்கிய மண்வள அட்டை 12 அளவுகளைத் தருகிறது. நுண்ணுயிர்க் கணக்கு அதில் இல்லை. கரிமச் சத்து ஒன்றே அதற்கான குறிப்பு. அந்த எண்ணை உழவன் முதலிற் பார்க்க வேண்டும். அது தாழ்ந்திருந்தால் வேறெதையும் வாங்கும் முன் தொழுவுரமும் பசுந்தாளும் இடவேண்டும். குளத்து வண்டலை விலையின்றி எடுக்க அரசு இசைவு உண்டு. வட்டாட்சியர் அளவிலேயே அதனைப் பெறலாம் என்று 2024-இல் நெறி எளிதாக்கப்பட்டுள்ளது. ஊர்கூடி அதனைக் கேட்டுப் பெறவேண்டும். செங்கற்சூளைக்கும் மனைமேட்டுக்கும் அது திசைமாறாமற் காக்கவும் வேண்டும். வேளாண் துறை குறைந்த விலைக்குத் தரும் நுண்ணுயிர் உரங்களைத் தொழுவுரத்தோடு கலந்து நிழலில் வைத்திருந்து இடவேண்டும். வீட்டுத் தோட்டக்காரர், பாறைப்பொடி இடுவதாயின், அதனை மக்குக்குழியிற் சேர்த்து நுண்ணுயிரோடு ஊறவிட்டே இடுதல் நன்று. அமுதக் கரைசலுக்கு ஒரு கிலோ பசுஞ்சாணம், ஒரு லிட்டர் ஆநீர், கால் கிலோ நாட்டுச் சர்க்கரை, பத்து லிட்டர் நீர், ஒருநாட் பொழுது ஆகியன போதும். பத்து மடங்கு நீர் சேர்த்து மண்ணில் ஊற்றலாம். இவற்றுள் கடையில் வாங்கவேண்டியது சர்க்கரை ஒன்றே.

இந்தியா தன் பொட்டாசு உரத்தை ஏறத்தாழ முழுவதும் கப்பலில் வரவழைக்கிறது. கடலுக்கு அப்பால் ஒரு போர் மூண்டால் தென்காசி வயலில் உரவிலை ஏறுகிறது. சாம்பல் சத்துள்ள மலையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அயலானின் துறைமுகத்தை எதிர்நோக்கி நிற்பது எவ்வகை உரிமை வாழ்வு? எல்லாச் சத்தும் நாளையே மலையிலிருந்து கிடைத்துவிடும் என்று எவரும் உரைக்கவில்லை. இருக்கும் மலையைக் காத்து, வரும் வண்டலை வயலில் சேர்த்து, மண்ணுயிர்க்கு அதன் கூலியைக் கொடுத்தால், கடன் ஆண்டுதோறும் சிறிதாகச் சுருங்கும். மண் ஆண்டுதோறும் சிறிதாக வளரும்.

மலை தமிழனுடையது, ஆறு தமிழனுடையது, அவற்றைப் பேசும் சொல்லும் தமிழனுடையதே. இம்மூன்றையும் ஒருசேரக் காப்பவனே உழவன். அவனுக்குத் துணை நிற்பதே தமிழ்ப்பற்று.