உமுவோஃபியாவுக்கு அழுத கண்கள்

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல், என். கே. மகாலிங்கம் அவர்களின் மொழிபெயர்ப்பில் ‘சிதைவுகள்’ எனத் தமிழுக்கும் வந்துள்ளது. உமுவோஃபியா என்னும் சிற்றூர், வெள்ளையரின் திருச்சபையும் நீதிமன்றமும் நுழைந்தபின் குலைந்துபோவதே அதன் கதை. படித்த நம்மவர் சொல்வது ஒன்றே: “நமக்கும் வெள்ளையன் இதைத்தானே செய்தான்!” இது பாதி உண்மை. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள அப்பாதியே போதும். அதனை மறுக்கவே எழுதுகிறேன்.

நாயகன் ஒக்கொங்வோவை மறந்தாலும் மறப்பேன்; நீதிமன்றச் சேவகரை மறவேன். அவர்கள் வெள்ளையர் அல்லர், அதே நிறத்தினர், ஆயினும் வேற்றூரிலிருந்து வந்தவர். ஊர்ப்பெரியோரின் தலையை மழித்துச் சிறையில் அடித்தவரும், தண்டத்தொகையை உயர்த்திச் சொல்லித் தமக்கெனப் பங்கு கண்டவரும் அவர்களே. அப்பக்கங்களில் என் நெஞ்சு குறுகுறுத்தது. வித்துரா மலைக்கு நாம் யாராக வந்தோம்?

பொன்முடி, போணக்காட்டுச் சரிவுகளில் ஐரோப்பியத் தோட்டத்துரைமார் தேயிலை நட்ட காலத்தே, நம் முன்னோர் கங்காணியின் பின்னே மலையேறினர். பசி துரத்திற்று, லயத்து ஓரறையில் உடல் தேய்ந்தனர். அவர்களைக் குறைகூற என் நா எழாது. சேவகரின் கொடுமையும் அவர்களுக்கு இல்லை. எனினும் காட்டை வெட்டிய கூலிக் கை நம்மவர் கை. வெட்டுண்டதோ காணி மக்கள் வாழ்ந்த காடு. நாமும் சுரண்டப்பட்டோம் என்பது மெய். அதனால் அவர்கள்பால் நமக்குள்ள கடன் தீர்ந்துவிடுமோ?

“அது பழங்கதை” என்பீர். அன்று. 1987-இல் அகத்திய மலைக்குச் சென்ற ஆய்வாளர், வழிகாட்டிய காணி இளைஞர் ஒரு செடியின் கனியைத் தின்று களைப்பின்றி நடந்ததைக் கண்டனர். வற்புறுத்திக் கேட்டபின்னரே அவர்கள் அச்செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து பிறந்தது. 1995-இல் பாலோட்டுத் தாவர ஆய்வு நிறுவனம் அதன் உற்பத்தி உரிமையை மருந்து நிறுவனமொன்றுக்கு வழங்கிற்று: கட்டணம் 10 இலட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு, வருவதில் பாதி காணி மக்களுக்கு. உலகம் இதனை முன்மாதிரி என்றது. பங்கு தந்தது நன்றே, மறுக்கவில்லை. ஆயினும் அதே 1995-இல், வித்துரா ஊராட்சிப் பகுதியின் ‘பிலாத்தி’ எனப்படும் காணி வைத்தியர் ஒன்பதின்மர், தங்கள் அறிவைத் தனியாருக்கு விற்பதை எதிர்த்து முதலமைச்சருக்கு மடல் எழுதினர்.

அன்பர்களே, உமுவோஃபியா எங்கோ இல்லை. அம்மடல் எழுந்தது நம் அண்டை வீட்டில். வெள்ளையன் போய் நாற்பது ஆண்டுக்கும் மேல் கழிந்தும், “உன்னிடம் உள்ளதை நான் எடுத்து உனக்கே பங்கு தருகிறேன்” என்னும் குரல் ஓயவில்லை. அம்மடலை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

இம்மலையைப் பொதிகை என்கிறோம்; அகத்தியன் தமிழ் வளர்த்த இடம் எனப் பெருமிதம் கொள்கிறோம். அம்மலையிலேயே வாழ்ந்து, தமிழும் மலையாளமும் கலந்த மொழி பேசும் காணியையோ ‘காட்டான்’ என்கிறோம். மலை நமக்கு உறவு. மலையின் மக்கள் நமக்கு அயலார். இதுவோ தமிழ்ப்பற்று?

அச்செபே தம் மக்களைக் குறையற்றவராய்க் காட்டவில்லை. இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறிந்த வழக்கத்தையும், தன்னைத் தந்தையென அழைத்த சிறுவனை ஒக்கொங்வோ வெட்டியதையும் மறைக்காமல் எழுதினார். ஊரின் உட்காயத்தின் வழியாகவே அந்நியம் புகுந்தது என்னும் நேர்மை அது. அந்நேர்மை நமக்கும் வேண்டும்.

நாவலின் இறுதியில், ஒக்கொங்வோவின் வாழ்வைத் தான் எழுதப்போகும் நூலில் ஒரு பத்தியில் அடக்க எண்ணுகிறான் வெள்ளை அதிகாரி. அவனை இகழ்கிறோம். நம் மலர்களில் காணிக்கு அந்த ஒரு பத்தியேனும் தந்தோமா? அடுத்த மலரின் முதற் பக்கங்களைக் காணி முதியோருக்கு விடுவோம். அவர்கள் விரும்பியதை, விரும்பிய அளவில், தம் மொழியிலேயே சொல்லட்டும். சொல்ல விரும்பாததை நாம் கேளாதிருப்போம். உமுவோஃபியாவுக்கு அழுத கண்கள், அருகிலுள்ள குடிலையும் காணட்டும்.